பரிசுப்பணம் வாங்கினால் என்ன தப்பு?

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஒலிம்பிக்ஸ் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தீபம், மாரத்தான் எல்லாம் பண்டைய கிரேக்கத்திலிருந்தே வந்தவையா? இன்னொன்று. அவர்கள் ஆலிவ் இலைக் கிரீடத்துக்காக மட்டும் ஓடினார்கள். கல்லூரியில் 400 மீட்டர் ஓடும் என் மகளோ பரிசுப்பணம் தரும் போட்டிகளாகப் பார்த்துப் போகிறாள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

தீபத்தை ஊர் ஊராக ஏந்தி ஓடுவது 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் தொடங்கியது. மாரத்தான், 1896 ஏதென்ஸ் போட்டிக்காக மிஷேல் பிரெயால் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன யோசனை. பண்டைய போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் இரண்டும் கிடையாது. உங்கள் பேச்சுக்கு இது போதும்.

மகள் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். என் அண்ணன் கோயில் திருவிழா ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துப் பணத்தோடு வந்த அன்று, "காசுக்கு ஓடுறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்டார் அப்பா. அண்ணன் அதற்கப்புறம் ஓடவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. நீங்களும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி கிரேக்கர்களுடையது இல்லை, ஐயா.

ஒலிம்பியாவில் கொடுத்தது கிரீடம் மட்டும்தான், சரி. ஊர் திரும்பியவனுக்கு? ஏதென்ஸ்காரன் ஒலிம்பியாவில் ஜெயித்தால் 500 திராக்மா வெள்ளிக்காசு என்று அந்த ஊரின் சட்டமேதை சோலோன் சட்டம் வைத்ததாக பண்டைய எழுத்தாளர் புளூடார்க் எழுதுகிறார். ஆயுள் முழுக்க அரசுச் செலவில் சாப்பாடும் உண்டு. ஏதென்ஸின் சொந்த விழாவான பனத்தினாயாவில் ஜாடி ஜாடியாக ஆலிவ் எண்ணெய் பரிசு. சிறுவர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனுக்கு 50 ஜாடி, இரண்டாவது வந்தவனுக்கு 10 என்று கல்வெட்டே இருக்கிறது. ஒரு சிறுவன் அத்தனை எண்ணெயையும் தன் தலைக்கா தேய்த்துக்கொண்டிருப்பான்? விற்றார்கள். யாரும் அதைக் கேவலமாக நினைக்கவில்லை.

காசு தொட்டால் தீட்டு என்பது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கனவான்களின் ஏற்பாடு. கூலிக்கு உழைக்கும் மெக்கானிக்கும் கைவினைஞரும் தொழிலாளியும் அமெச்சூர், அதாவது காசுக்காக ஆடாத வீரர், ஆகமாட்டார்கள் என்று ஹென்லி படகுப் போட்டியின் 1879 விதி சொன்னது. சம்பாதிக்க வேண்டிய தேவை இல்லாதவன் மட்டும் விளையாடலாம், அவ்வளவுதான் அதன் பொருள். அந்த எண்ணத்துக்கு கிரேக்கச் சாயம் பூசி நவீன ஒலிம்பிக்ஸுக்குள் கொண்டுவந்தார்கள். நாமும் அதை நம்பி நம் பிள்ளைகளைத் திட்டுகிறோம்.

அதற்குப் பலியானவர் ஜிம் தோர்ப், அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் பெண்டத்லான் (ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டி), டெகத்லான் (பத்து சேர்ந்தது) இரண்டிலும் தங்கம். முன்பு கோடைகாலத்தில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்று 1913இல் பதக்கங்களைப் பறித்தார்கள். ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. புகார் வந்ததோ பல மாதம் கழித்து. ஏழைக்கு எதிராக என்றால் விதியைக்கூட யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அதே பெண்டத்லானில் அவரிடம் தோற்ற ஏவரி பிரண்டேஜ் 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்தார். அத்தனை வருஷமும் பதக்கம் திரும்பவில்லை. தோர்ப் 1953இல் இறந்துபோனார். 1982இல்தான் கமிட்டி இறங்கிவந்தது, அப்போதும் கூட்டு வெற்றியாளர் என்றே எழுதியது. தனி வெற்றியாளராக ஏற்றுக்கொண்டது 2022இல்.

உங்கள் மகள் ஷூவுக்கும் சத்தான சாப்பாட்டுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் தன் காலால் சம்பாதிக்கிறாள். அடுத்த போட்டி எங்கே என்று கேளுங்கள், கூடவே போங்கள்.