ஏரியைச் சுற்றிவர ஏற்காடு ஏறிப் பழகணுமா?

கேள்வி: மகளைப் பார்க்க ஜெர்மனி போகிறோம். நானும் வீட்டுக்காரரும் கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சைக்கிளில் சுற்றிவர ஆசைப்படுகிறோம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இப்போதிருந்தே ஏற்காடு மலை ஏறிப் பழக வேண்டுமா?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம்மா. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், ஏரிக்கரைப் பாதை பெரும்பாலும் சமதரைதான். தினமும் நாலு மணி நேரம் சீட்டில் உட்காரும் பழக்கம்தான் தேவை. விடியற்காலையில் கோரிமேடு வழியாக அடிவாரம் வரை போய்த் திரும்புங்கள், மறுநாளும் போங்கள், ஏனென்றால் இரண்டாம் நாள் இடுப்பும் உள்ளங்கையும் என்ன சொல்கின்றன என்பதுதான் முக்கியம்.

முழுச் சுற்று சுமார் 260 கிலோமீட்டர். ஒரு வாரம் வைத்துக்கொண்டால் நிதானமாக முடிக்கலாம். ஏரிக்கரைப் பாதை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் வழியாகப் போகிறது, மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும், ஆனால் சுவிட்சர்லாந்தில் யூரோ இல்லை, ஃபிராங்க்.

கடிகாரம் சுற்றும் திசையிலேயே போங்கள். அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் ஏரி எப்போதும் உங்கள் பக்கத்திலேயே வரும், நடுவில் எதிர் வண்டி இருக்காது. பின்சக்கரம் நீலமாக இருக்கும் சைக்கிள்காரர் படம் போட்ட பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. அசதியாக இருந்தால் கரையிலுள்ள மீர்ஸ்பர்க் ஊரிலிருந்து எதிர்க்கரையில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரத்துக்குப் படகு இருக்கிறது, சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம், ஒரு பெரிய வளைவு மிச்சம்.

அப்புறம், ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நெரியும். மே, ஜூன் அல்லது செப்டம்பர் பாருங்கள், தங்குமிடத்தை மகளிடம் சொல்லி முன்பே பதிவு செய்துவிடுங்கள்.