இளம் விண்மீனின் எக்ஸ் கதிரும் எட்டு அங்குலத் தொலைநோக்கியும்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஐயா, இளம் விண்மீன்கள் திடீரென்று பொங்கிப் பிரகாசமாகும்போது எக்ஸ் கதிர் வீசும் என்று படித்தேன். என்னிடம் எட்டு அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. மகள் இயற்பியல் படிக்கிறாள். வீட்டு முற்றத்திலிருந்து அதைப் பார்க்க முடியுமா? அந்தக் கதிர் பிள்ளையின் மேல் படுமே என்று ஆயா வேறு பயப்படுகிறார்.”

முதலில் ஆயாவின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர் நம் முற்றத்துக்கு வந்து சேர்வதே இல்லை. மேலேயே காற்று மண்டலம் அதை விழுங்கிவிடுகிறது. அதனால் உங்களாலும் பிடிக்க முடியாது, தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்து மலையில் நிற்கும் பிரம்மாண்டமான சால்ட் தொலைநோக்கியாலும் முடியாது. அது சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் போன்ற விண்கலங்களின் வேலை.

ஆனால் அந்த விண்கலங்களை எங்கே திருப்புவது? அதைக் காட்டித்தருவது உங்களைப் போலச் சாதாரண ஒளியில் வானத்தைப் பார்ப்பவர்கள்தான். 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மக்நீல் என்ற பொழுதுபோக்கு வானியலர், மூன்று அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில் அதுவரை யாரும் குறித்திராத ஓர் ஒளிப்படலத்தைக் கண்டார். உள்ளே வி1647 ஓரியோனிஸ் என்ற இளம் விண்மீன் பொங்கிக்கொண்டிருந்தது. சந்திரா அந்தப் பக்கம் திரும்பியது. நல்லவேளையாக, 2002இலேயே அதே பகுதி வேறொரு காரணத்துக்காகப் படம் எடுக்கப்பட்டிருந்தது. ஒப்பிட்டபோது எக்ஸ் கதிர் சுமார் 50 மடங்கு கூடியிருந்தது. பழைய படம் இல்லையென்றால் அந்த 50க்கு அர்த்தமே இல்லை.

கூடுவதற்குக் காரணம் என்ன? விண்மீனைச் சுற்றும் தட்டிலிருந்து வாயு, காந்தப்புலத்தைப் பற்றிக்கொண்டு நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் மேற்பரப்பில் வந்து மோதுகிறது. மோதும் இடம் சில மில்லியன் டிகிரி சூடாகி, மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த, எக்ஸ் கதிரை வீசுகிறது. காந்தப்புலம் முறுக்கிக்கொண்டு அறுந்து சேரும் இடத்திலோ வெப்பம் இன்னும் அதிகம்; அங்கிருந்து வருவது கடினமான, அதாவது ஆற்றல் மிகுந்த, கதிர். இரண்டும் கலந்தே நம்மை எட்டுகின்றன. போதாக்குறைக்கு, விழும் வாயுவே மென்மையான கதிரை மறைத்துவிடும். அதனால் “எக்ஸ் கதிர் கூடியதா” என்று மட்டும் கேட்பது அரைகுறைக் கேள்வி என்பேன். 2005இல் வி1118 ஓரியோனிஸ் பொங்கியபோது எக்ஸ் கதிரின் அளவு பெரிதாக மாறவில்லை, அதை வீசும் வாயுவின் வெப்பநிலைதான் இறங்கியது. சாதாரணச் சுடர்வீச்சு சில மணி நேரத்தில் அடங்கிவிடும், இப்படிப் பொங்குவதோ மாதக்கணக்கில் நீடிக்கும் என்பதையும் மகள் நினைவில் வைக்கட்டும். சந்திராவின் பழைய தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவள் அங்கிருந்து தொடங்கலாம்.

உங்களுக்கு நான் சொல்வது ஈஎக்ஸ் லூப்பி என்ற, இதே போலப் பொங்கும் இளம் விண்மீன். வடக்கே இருப்பவர்களுக்கு அது அடிவானத்தில் தவழும். உங்களுக்கு ஜூலை மாதம் இரவு ஒன்பது மணிக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். டர்பனில் மழை குறைந்த காலமும் அதுதான். ஓநாய் மண்டலத்தின் ஈட்டா லூப்பியைக் கண்ணால் பிடித்து, அங்கிருந்து இரண்டு டிகிரி தெற்கே போங்கள். சாதாரண நாளில் அதன் ஒளித்தரம் 13 அளவில் இருக்கும் (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). தெருவிளக்கு வெளிச்சத்தில் எட்டு அங்குலத்துக்கு அது எல்லைக்கோடு. 2008இல் பொங்கியபோது 8 வரை வந்தது, அதாவது சுமார் நூறு மடங்கு வெளிச்சம்.

மாறொளி விண்மீன்களுக்கான ஏஏவிஎஸ்ஓ அமைப்பின் தளத்தில் ஒப்பீட்டு வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள்; அக்கம்பக்கத்து விண்மீன்களின் ஒளித்தரம் அதில் குறித்திருக்கும். ஈஎக்ஸ் லூப்பி தெரியாத இரவில், தெரிந்தவற்றுள் மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீன் எது என்று பார்த்து, “12.4ஐ விட மங்கல்” என்பது போல எழுதி அனுப்புங்கள். ஒன்றும் தெரியவில்லை என்று குறிப்பேட்டை மூடிவிடுகிறவர்களே அதிகம். விண்மீன் எந்த நாளில் பொங்கத் தொடங்கியது என்று பின்னால் கணக்கிட உதவுவது இந்த வரிதான். என்றாவது ஓர் இரவு அது 11ஆக, சிரமமில்லாமல் தெரிந்தால், பார்க்கும் வானப்பகுதி சரிதானா என்று வரைபடத்தோடு இன்னொரு முறை ஒத்துப்பார்த்துவிட்டு அப்போதே அனுப்புங்கள். காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.