குடத்துக்குள் விளக்கா, டாஷ்போர்டா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். போன வருடம் 1972-ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று வாங்கினேன், மேல்கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பகலில் ஓட்ட அருமையான வண்டி. இருட்டினால் மட்டும் ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்றே தெரிவதில்லை. பக்கத்தில் உட்காரும் மனைவி செல்போன் டார்ச் அடித்து வேகத்தைப் படித்துச் சொல்கிறார். ஒரு கராஜில் காட்டியபோது, மீட்டர்களைப் புதுப்பித்து ஒயரிங்கையும் மாற்ற 640 பவுண்டு என்றார்கள். ஆன்லைனில் எல்இடி பல்ப் செட் 30 பவுண்டுக்குக் கிடைக்கிறது. எதற்குப் பணம் போடலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். முதலில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். சாதாரணமான ஒன்று போதும்.

உங்கள் வண்டி அபிங்டன் தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலேயே இந்த வெளிச்சம் பிரமாதமாக இருந்ததில்லை. உங்கள் டாஷ்போர்டில் இருக்கும் ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டருக்குள் இருப்பது 2.2 வாட் பல்ப், சுண்டுவிரல் நுனி அளவுதான். அதன் ஒளி நேராக டயலில் விழாது. நீலப்பச்சை பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகப் போய், மீட்டரின் உள்சுவரில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயிண்டில் பட்டுத் தெறித்து, டயலின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து எழுத்தைத் தொடும். ஐம்பது வருடத்தில் அந்த வெள்ளை பழுப்பாகிவிட்டது, ஜன்னலில் தூசி படிந்துவிட்டது, பல்பின் கண்ணாடி உள்பக்கம் கறுத்துவிட்டது. குடத்திலிட்ட விளக்கு என்பார்களே, அது இதுதான்.

ஆனால் பெரிய திருடன் வேறு இடத்தில் இருக்கிறான். இழை பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். 12 வோல்ட் போகவேண்டிய பல்புக்கு 11 போனால் கால்வாசி வெளிச்சம் காலி. 10 போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஸ்விட்சில் அரை வோல்ட், ஒரு துருப்பிடித்த இணைப்பில் அரை வோல்ட், எர்த்தில், அதாவது கரண்ட் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில், ஒரு வோல்ட் என்று வழியெல்லாம் கப்பம் கட்டிவிட்டு வந்தால் பல்பு என்ன செய்யும்? எல்லாப் பழியையும் இந்த வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் தலையில் போட்டு, "இருளின் இளவரசன்" என்று பெயர் வைத்துச் சிரிப்பது பழைய கார்க்காரர்களின் வழக்கம். நான் அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். எந்தக் கம்பெனியின் இணைப்பும் ஐம்பது வருட ஈரத்தில் களிம்பு பிடிக்கத்தான் செய்யும்.

சரி, எங்கே தொடங்குவது? சைடு லைட்டைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பின்விளக்குகளும் மங்கலா? அப்படியானால் கோளாறு மீட்டரில் இல்லை, பேட்டரியிலோ சார்ஜிங்கிலோ லைட் ஸ்விட்சிலோ இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட் வாக்கில் காட்டவேண்டும். உங்கள் வண்டியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும். யாரும் மாற்றாமல் இருந்தால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே போகும் கேபிளின் முனைகளையும் பாருங்கள். பலரும் அதை மறந்துவிடுவார்கள்.

பின்விளக்கு பளிச்சென்று எரிந்தால், டாஷ்போர்டில் பேனல் லைட்டைக் கூட்டிக் குறைக்கும் சிறு குமிழைத் தேடுங்கள். நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். உள்ளே கம்பி சுற்றிய ஒரு ரெசிஸ்டர், அதன்மேல் நகரும் ஒரு தகடு, அவ்வளவுதான். வருடக்கணக்கில் யாரும் திருகாததால் அந்தத் தகடு அழுக்குப் பிடித்துக் கிடக்கும். லைட்டைப் போட்டுக்கொண்டு குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை திருகுங்கள். வெளிச்சம் துடித்துத் துடித்துக் கூடினால் நோய் பிடிபட்டுவிட்டது. ஒரு ஸ்பிரே கான்டாக்ட் கிளீனர் போதும். ஒன்றும் நடக்கவில்லையா? குமிழுக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஒயர் உள்ளே போய், சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயராக வெளியே வரும். அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பாருங்கள். டாஷ்போர்டு திடீரென்று விழித்துக்கொண்டால் அந்த இணைப்பையே நிரந்தரமாக்கிவிடலாம். எம்ஜிபியில் வெளிச்சம் அதிகமாகிக் கண் கூசுகிறது என்று யாரும் என்னிடம் புலம்பியதில்லை.

அடுத்தது எர்த். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நீளமான ஒயர் ஒன்றால் பேட்டரியின் நெகட்டிவோடு இணையுங்கள். லைட் எரியும்போது சிவப்பு முனையை மீட்டரின் உலோக உடம்பில் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டவேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அவ்வளவு வோல்டேஜும் உங்கள் பல்புக்குப் போகவேண்டியது. மீட்டரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் திருகு நட்டுக்கு அடியில் ஒரு கறுப்பு ஒயர் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். இதற்குமேல் டாஷ்போர்டுக்குப் பின்னால் கை விடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மோதிரத்தையும்.

பல்ப் ஹோல்டர் மீட்டரின் முதுகில் சும்மா செருகி நிற்பது. விரலால் பிடித்து இழுத்தால் 'பொளக்' என்று வந்துவிடும். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்: குத்துவிளக்கில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பார்த்ததும் புளி ஞாபகம் வரும். வேண்டாம், புளியின் அமிலம் மூலையில் தங்கினால் ஆறு மாதத்தில் மறுபடி பச்சையாகிவிடும். மெல்லிய உப்புத்தாளே போதும். ஹோல்டர் மீட்டரைத் தொடும் சிறகுகளையும் சுத்தம் செய்து, லேசாக வெளிப்பக்கம் விரித்து மாட்டுங்கள், பிடிப்பு நன்றாக இருக்கும். பல்பு கறுத்திருந்தால் அதே 2.2 வாட்டில், அதே 10 மி.மீ. திருகு வகையில் புதிது போடுங்கள். 987 என்ற எண்ணைச் சொன்னால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். வெளிச்சம் வேண்டும் என்று வாட் கூடின பல்பைப் போட்டால் அந்த நீலப்பச்சை ஜன்னல் சூட்டில் உருகும்.

ஒரு எச்சரிக்கை. ஆயில் பிரஷரும் தண்ணீர் சூடும் ஒன்றாகக் காட்டும் மீட்டரை மட்டும் வெளியே இழுக்காதீர்கள். அதன் பின்னாலிருந்து தலைமயிர் போன்ற செம்புக் குழாய் ஒன்று இன்ஜின் வரை போகிறது. அது ஒடிந்தால் அந்த மீட்டர் செத்தது, அப்போது 640 பவுண்டு பேச்சு நிஜமாகவே வந்துவிடும். அதன் பல்பை மீட்டர் இருந்த இடத்திலேயே பின்பக்கமாகக் கையை விட்டு மாற்றலாம்.

இவ்வளவும் செய்தபிறகு மனைவியை ஒரு இரவு டார்ச் இல்லாமல் உட்காரச் சொல்லுங்கள். போதாது என்றால் அப்போது எல்இடி வாங்கலாம். அதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், எல்இடி மிகக் குறைந்த கரண்டில் எரிவது. மோசமான எர்த்தையும் துருப்பிடித்த இணைப்பையும் மறைத்துக்கொண்டு ஜோராக எரியும், நோய் உள்ளேயே இருக்கும். அதே காரணத்தால் அந்தக் குமிழைத் திருகினாலும் வெளிச்சம் பெரிதாகக் கூடாது, குறையாது. நான் முதன்முதலில் வாங்கிய மலிவு செட்டில் எல்லா ஒளியும் பல்பின் மூக்கிலிருந்து நேராக அடித்தது. டயலில் ஒரு பக்கம் பளீர், மறுபக்கம் அமாவாசை. ஸ்மித்ஸ் மீட்டருக்கு, பக்கவாட்டில் நாலு பக்கமும் ஒளி வீசும் எல்இடிதான் சரிப்படும். நிறம் உங்கள் இஷ்டம். பழைய தோற்றம் வேண்டுமென்றால் பச்சை எல்இடி அந்த ஜன்னலோடு நன்றாகப் பொருந்தும். பிரிட்டனில் ஆன்லைனில் கடைக்காரரிடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். ஆகவே முதலில் ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றின் பாக்கெட்டைக் கிழியுங்கள்.

உள்சுவருக்குப் புது வெள்ளை அடிக்கும் வேலை கடைசிப் படி. மீட்டரின் முன்வளையத்தைத் திருகித் திறக்கவேண்டும். டயலின் எழுத்து விரல் பட்டாலே கலையக்கூடும். பழக்கமில்லாதவர் தொடவேண்டாம். கராஜுக்குப் போவதென்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் தனியாக விலை கேளுங்கள், எழுத்தில். 'எஸ்டிமேட்' என்றால் உத்தேசம், பிறகு ஏறலாம். 'கொட்டேஷன்' என்று வாங்கி நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்த விலைக்கு அவர் கட்டுப்பட்டவர்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1965 எம்ஜிபி. எல்இடி பல்ப் வாங்கி மாட்டினேன், ஒன்றுகூட எரியவில்லை. பழைய பல்பைப் போட்டால் எரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: பல்ப் நல்ல பல்பாகவே இருக்கலாம். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் நெகட்டிவ். இழை பல்புக்கு எந்தப் பக்கம் என்பது கணக்கில்லை. எல்இடிக்கு உண்டு. தலைகீழாக வந்தால் எரியாது. பாசிட்டிவ் எர்த் வண்டிக்கென்றோ, இரண்டு பக்கமும் எரியும் வகை என்றோ கேட்டு வாங்குங்கள். இதற்காக வண்டியின் எர்த்தையே மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ரேடியோவும், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரும் பக்கம் பார்த்துச் செய்தவை, புகைந்துவிடும்.

கேள்வி: மூன்று வாரம் முன்பு டீலரிடம் 1978 எம்ஜிபி வாங்கினேன். விளம்பரத்தில் "எலெக்ட்ரிக்கல் எல்லாம் சரியாக வேலை செய்கிறது" என்று போட்டிருந்தார்கள். மீட்டர் லைட் எதுவும் எரியவில்லை. கேட்டால், பழைய வண்டி, பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்கிறார். வழி உண்டா?

பதில்: உண்டு. 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்பதையே தொழிலாகச் செய்பவர் 'பார்த்து வாங்கியது' என்று சொல்லித் தப்ப முடியாது. வண்டியின் வயதையும் விலையையும் வைத்துத்தான் தரத்தை எடைபோடுவார்கள் என்பது நிஜம். ஆனால் விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இருக்கவேண்டும் என்பது வேறு விஷயம், அதற்கு வயது கிடையாது. தனியாளிடம் வாங்கியிருந்தால்கூட அந்த அளவுக்கு உரிமை உண்டு.

பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்க 30 நாள். லைட்டுக்காக வண்டியையே திருப்பிக் கொடுக்க உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன். ரிப்பேர் செய்து தரும்படி கேளுங்கள். வண்டி அவரிடம் ரிப்பேரில் இருக்கும் நாட்கள் அந்த 30-இல் சேராது. போனில் பேசவேண்டாம். விளம்பரத்தின் படத்தை இணைத்து ஈமெயில் அனுப்புங்கள். உங்களுக்கு ஒன்பது நாள் வாக்கில்தான் பாக்கி இருக்கிறது, இன்றைக்கே எழுதிவிடுங்கள்.