ரெகுலேட்டர் அடுத்தடுத்து எரிகிறதா? மூன்றாவதை வாங்கும் முன்

பழைய பைக்கில் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், அதாவது எஞ்சின் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் பாகம், இரண்டாவது முறையும் எரிந்துவிட்டது என்கிறீர்கள். தயவுசெய்து மூன்றாவதை இப்போதே வாங்காதீர்கள். கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்பதே என் சந்தேகம். ஸ்டேட்டரிலிருந்து (எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) வரும் மூன்று கம்பிகளின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே பின்கள் கறுத்திருந்தால் சூடு பிறப்பது அங்கேதான். அதை வெட்டியெறிந்து புதியது போடுங்கள். பிறகு மல்ட்டிமீட்டரில் அந்தக் கம்பிகளை இரண்டிரண்டாக அளந்தால் மின்தடை மூன்று முறையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் உடலோடு எந்தக் கம்பிக்கும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் ஸ்டேட்டர் போய்விட்டது. பைக்கின் உலோக உடலோடு இணையும் எர்த் முனையின் துருவையும் சுரண்டிவிடுங்கள், பலரும் மறக்கும் இடம் அது. புதிய ரெகுலேட்டரை மாட்டிய பின் 5000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டி வந்தால் நிம்மதி. 15-ஐத் தாண்டினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள், பேட்டரி கொதித்துவிடும்.