ஒளிப்படக் கேள்வி–பதில்: வற்றிய குளத்துக்கு எந்த நீர் பொருந்தும்?

கேள்வி: மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்த ஓர் ஆண்டில், மேற்குக் கரைப் படிக்கட்டின் மேலிருந்து மைய மண்டபத்தைப் படம் எடுத்தேன். மாலை வெயில் மண்டபத்தின் மீது நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் நீர் இருக்க வேண்டிய இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக இதில் நீர் சேர்க்க விரும்பி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நீர்ப் படங்கள் பலவற்றை ஒட்டிப் பார்த்தேன். தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகாக இருக்கின்றன. என் படத்தில் ஒன்றும் பொருந்தவில்லை. எங்கே, எப்படித் தேடுவது? — வாசகர், மதுரை

பதில்: அழகான நீரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிறர் பயன்படுத்துவதற்கான ஆயத்தப் படங்களைத் தரும் ஸ்டாக் தளங்களில் நீர்ப் படங்களை ஏற்றுபவர்கள், நீரையே கதாநாயகனாக்கி எடுக்கிறார்கள். சூரியனை நோக்கி எடுத்த தகதகப்பு, செவ்வானம் முழுதும் இறங்கிய ஏரி, நுரையோடு சுருளும் அலை ஆகியவைதாம் தேடலில் முதலில் வந்து நிற்கும். உங்கள் படத்திலோ சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த நிலையில் நீரில் தகதகப்புப் பாதை தோன்றாது. தோன்றினால் மண்டபத்தின் மீதுள்ள வெயிலும் நீரின் மீதுள்ள வெயிலும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வருவதைப் பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாமலேயே உணர்ந்துவிடுவார். ஆகவே உங்களுக்கு வேண்டியது மங்கலான, சிற்றலைகள் மட்டுமே உள்ள, தனக்கென்று வானமோ கரையோ பிரதிபலிக்காத நீர். ஏரி, நீர்த்தேக்கம், மேகமூட்டம், சிற்றலை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடி, முதல் இரண்டு மூன்று பக்கங்களைத் தாண்டிச் செல்லுங்கள். யாரும் விரும்பிப் பதிவிறக்காத, உப்புச்சப்பற்ற படங்கள் அங்கேதான் கிடைக்கும். ஒட்டுவேலைக்கு அவையே உயர்ந்தவை.

அடுத்துப் பார்க்க வேண்டியது கேமரா இருந்த உயரம். உங்கள் படத்தில் தொடுவானத்தை மரங்கள் மறைத்திருந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். குளத்தின் பக்கவாட்டுப் படிகளின் விளிம்புக் கோடுகளைத் தொலைவு நோக்கி நீட்டினால் அவை ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியின் வழியாகச் செல்லும் கிடைக்கோடுதான் உங்கள் தொடுவானம். தேர்ந்தெடுக்கும் நீர்ப் படத்தின் தொடுவானமும் அந்தக் கோட்டிலேயே வந்து உட்கார வேண்டும். படகில் அமர்ந்து எடுத்த ஏரியைப் படிக்கட்டின் மேலிருந்து எடுத்த படத்தில் வைத்தால், குளம் சாய்ந்து வழிவது போலத் தெரியும். 'டெக்ஸ்ச்சர்' (மேற்பரப்பு அமைப்பு) என்று தேடும்போது கிடைப்பவை பெரும்பாலும் செங்குத்தாக மேலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால் அவற்றை ஒதுக்கிவிடலாம். அவற்றை, பார்வைக் கோணத்தை மாற்றும் 'பெர்ஸ்பெக்டிவ்' கருவியால் சாய்த்துப் படுக்க வைக்கலாமே என்று தோன்றும். அலைகளின் வடிவம் சரியாகிவிடும், ஒளி சரியாகாது. செங்குத்தாகப் பார்க்கும்போது நீர் தன் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கு அளவே திருப்பி அனுப்புகிறது. பார்வை நீர்மட்டத்துக்குப் பத்து டிகிரி அளவுக்குத் தாழ்ந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கைத் திருப்புகிறது. எனவேதான் காலடியில் நீரின் சொந்த நிறமும் தொலைவில் வானத்தின் நிறமும் தெரிகின்றன. இந்த மாற்றம் மேலிருந்து எடுத்த படத்தில் இராது. நீங்களாகவே ஒரு கிரேடியண்ட் (படிப்படியான நிற மாற்றம்) போட்டு அதை உண்டாக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது அளவு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீரைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. பரப்பு இழுவிசை அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஏறக்குறைய 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள சிற்றலைகளை இழுவிசையும், அதைவிடப் பெரியவற்றைப் புவியீர்ப்பும் ஆள்வதால், இரண்டின் உருவமும் வேறாகவே இருக்கும். கடலலையைச் சுருக்கிக் குளத்தில் போட்டால் அது குளத்தலை ஆகாது. தண்ணீர்த் தொட்டியின் நெளிவைப் பெருக்கினால் அது ஏரியும் ஆகாது. சிறிய மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் மிதக்கவிட்டுப் படம் பிடித்த பழைய திரைப்படக்காரர்கள், காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தும் நீர்த்துளிகளின் பருமனை மறைக்க முடியாமல் திண்டாடியது இதனால்தான். தெப்பக்குளம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி இருக்கும். அந்த அகலத்தில், இளங்காற்றில் எழும் அலை சில சென்டிமீட்டர்தான். ஆகையால் கடலை விடுங்கள், நீச்சல் குளத்தையும் விடுங்கள். நீச்சல் குளத்தின் நீலம் பெரும்பாலும் அதன் ஓடுகளிலிருந்து வருவது, நம் ஊர்க் குளத்துக்கு அது வராது. நடுத்தர ஏரிகளின் படங்களையே எடுங்கள்.

இனி உங்கள் படத்துக்கே வருவோம். படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தின் அடித்தளக் கல்லையும் சுற்றுப்படிகளையும் கவனியுங்கள். முன்பு நீர் நின்ற மட்டத்தைக் காட்டும் கறை பெரும்பாலும் ஒரு கோடாகத் தெரியும். நீரை அந்தக் கோடு வரை ஏற்றினால் நம்பகத்தன்மை தானாக வந்துவிடும். கறை தெரியாவிட்டால் படிகளை எண்ணுங்கள்: வலப்புறத்தில் மேலிருந்து ஏழாவது படி வரை நீர் என்றால் இடப்புறத்திலும் ஏழாவது படிதான். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் எட்டு என்று மூழ்கிய படங்களைக் காலண்டர்களில்கூடப் பார்த்திருக்கிறேன். மாஸ்க் (நீர் தெரிய வேண்டிய இடத்தை மட்டும் விடும் மறைப்பு) வெட்டும்போது நீர்க்கோட்டைக் கத்தியால் வெட்டியது போல விடாமல், கோட்டுக்கு மேல் கல்லில் விரற்கடை அளவு நனைந்த கருமையைச் சேர்த்துவிடுங்கள்.

பிரதிபலிப்பைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுவது எப்போதும் சரியன்று. நீரில் தெரிவது, நீர்மட்டத்துக்குக் கீழே அதே ஆழத்தில் ஒரு கேமரா இருந்தால் அது பார்க்கக்கூடிய காட்சி. உங்கள் மைய மண்டபம் ஏறத்தாழ 150 மீட்டர் தொலைவில் இருப்பதாலும் நீங்கள் நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் நின்றிருப்பீர்கள் என்பதாலும், அதைத் திருப்பி ஒட்டினால் வேறுபாடு தெரியாது. ஆனால் அருகிலுள்ள கைப்பிடிச் சுவரையோ படியில் உட்கார்ந்திருப்பவரையோ அப்படித் திருப்பினால், நீருக்குள் சுவரின் மேற்பரப்பு தெரியும்; உண்மையில் அங்கே அது தெரியக் கூடாது. அவற்றை வெறும் மங்கலான நிறத் தீற்றலாக விட்டுவிடுவது நல்லது. நீர்ப் படத்தின் கறுப்பு-வெள்ளைப் பிரதியொன்றைத் தனிக் கோப்பாகச் சேமித்து, அதன் வெளிச்ச-இருளுக்கு ஏற்பப் படத்தை நகர்த்தும் போட்டோஷாப்பின் 'டிஸ்ப்ளேஸ்' வடிப்பான் வழியாகத் திருப்பிய மண்டபத்தை நெளியச் செய்யுங்கள். பிரதிபலிப்பு அதே நீரின் அலைகளுக்கு ஏற்ப உடையும்.

குளம் நிரம்பியிருந்த ஆண்டுகளில் பிறர் எடுத்த படங்களையும் தேடிப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒட்டுவதற்கன்று; நீரின் நிறம் எவ்வளவு பச்சை, மண்டபத்தின் நிழல் எவ்வளவு கருமை என்று பார்த்துக்கொள்வதற்காக. இத்தனையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். குளத்தில் நீர் நிற்கும் ஒரு மாலையில், அதே கரையில், அதே உயரத்தில் நின்று நீரை மட்டும் நீங்களே எடுத்துவிட்டால், உலகத்தில் எந்தத் தளத்திலும் கிடைக்காத பொருத்தமான ஸ்டாக் படம் உங்களிடம் இருக்கும்.

கேள்வி: திருமண ஆல்பத்துக்காக மணமக்களைச் சுற்றி நீர் தெறிப்பது போல வடிவமைக்கச் சொல்கிறார்கள். தெறிப்புப் படங்களைச் சேர்த்தால் சில பின்னணிகளில் நன்றாக இருக்கிறது, சிலவற்றில் காணாமலே போகிறது. ஏன்? — ஸ்டூடியோ உரிமையாளர், கோவை

பதில்: கறுப்புப் பின்னணியில் எடுத்த தெறிப்பை 'ஸ்க்ரீன்' என்னும் கலப்பு முறையில் வைத்தால் கறுப்பு மறைந்து ஒளிக்கோடுகள் மட்டும் நிற்கும். அது இருண்ட பின்னணிக்கே பயன்படும். வெளிர் பின்னணியில் ஒளிக்கு மேல் ஒளி சேர்ந்து கரைந்துவிடும். வெளிச்சமான இடத்தில் உண்மையான நீரும் தன் இருண்ட விளிம்புகளால்தான் கண்ணுக்குப் புலப்படுகிறது. ஆகவே வெளிர் பின்னணிக்கு, வெள்ளைத் திரைக்கு முன் எடுத்த தெறிப்பைத் தேடி 'மல்டிப்ளை' முறையில் வையுங்கள்; வெள்ளை மறைந்து இருண்ட கோடுகள் நிற்கும். பதிவிறக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: தெறிப்புப் படங்கள் அனேகமாகப் பின்னொளியில் எடுக்கப்படுபவை. மணமக்களுக்கு முன்னிருந்து மட்டுமே ஒளி கொடுத்திருந்தால் இரண்டும் சேராது. அடுத்த முறை தோளுக்குப் பின்னால் ஒரு ஃப்ளாஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

தெறிப்பை நீங்களே எடுப்பதும் கடினமன்று. கறுப்புத் துணி, ஒரு செம்பு நீர், பின்பக்கவாட்டில் கையடக்க ஃப்ளாஷ் போதும். ஃப்ளாஷின் திறனை 1/16 அல்லது 1/32க்குக் குறையுங்கள். திறன் குறையும்போது ஃப்ளாஷ் ஒளிரும் நேரமும் சுருங்குவதால் துளிகள் உறைந்து நிற்கும். மற்றபடி, சுற்றிலும் இவ்வளவு நீர் தெறிக்கும்போது பட்டுப்புடவையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை, மல்லிகையில் ஓர் இதழும் நனையவில்லை என்றால் எந்தத் தெறிப்பாலும் அந்தப் படத்தைக் காப்பாற்ற முடியாது. தெறிப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கூந்தலிலும் முன்கையிலும் சில துளிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கூகுள் தேடலில் வரும் நீர்ப் படங்களை எடுத்துக்கொள்ளலாமா? இலவசத் தளங்கள் என்பவை உண்மையிலேயே இலவசம்தானா? — வாசகர், திருச்சி

பதில்: கூகுள் காட்டுவது பிறருடைய படங்களை; அவற்றைத் தரும் உரிமை அதற்கு இல்லை. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒளிப்படத்துக்கும், எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே ஆகிய தளங்கள் பெரும்பாலான படங்களுக்குப் பணம் கேட்பதில்லை, வணிகப் பயன்பாட்டையும் ஒட்டுவேலையையும் அனுமதிக்கின்றன. படத்தை மாற்றாமல் அப்படியே விற்பதைத் தடுக்கின்றன. ஆனால் இவற்றின் விதிகள் மாறக்கூடியவை. அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்ஸாபே 2019இலும், முழு உரிமைத் துறப்பான 'சிசி ஜீரோ'வைக் கைவிட்டுத் தங்கள் சொந்த உரிமத்துக்கு மாறின. பதிவிறக்கும் நாளில் உரிமப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் படத்தோடு ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.

விக்கிமீடியா காமன்ஸில் ஏரிகளும் குளங்களும் ஊர்ப் பெயரோடு ஏராளமாக உள்ளன. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வேறு. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பவை உண்டு. 'ஷேர் அலைக்' என்றிருந்தால், அதைச் சேர்த்து உருவாக்கிய உங்கள் படத்தை வெளியிடும்போது அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். வாடிக்கையாளருக்கான வேலையில் இதைத் தவிர்ப்பதே தலைவலி இல்லாத வழி. காசு கொடுத்து வாங்குவதென்றால், அடோபி ஸ்டாக் போன்ற தளங்கள் தரும் வாட்டர்மார்க் உள்ள முன்னோட்டப் படத்தை முதலில் ஒட்டிப் பார்த்து, பொருந்தினால் மட்டும் வாங்குங்கள். 'எடிட்டோரியல்' (செய்தி போன்ற பயன்பாட்டுக்கு மட்டும்) என்று குறித்த படங்கள் விளம்பரத்துக்கு உதவாது.

கேள்வி: இப்படி நீர் சேர்த்த படத்தைப் போட்டிக்கு அனுப்பலாமா? இது ஏமாற்று வேலை என்று எங்கள் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். — வாசகர், ஈரோடு

பதில்: பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, செத் துறைமுகத்துப் பேரலையை 1857இல் அச்சிட்டபோது கடலுக்கு ஒரு நெகட்டிவையும் வானத்துக்கு வேறொரு நெகட்டிவையும் இணைத்தார். நீல ஒளிக்கு அளவுமீறி வினைபுரிந்த அக்காலத் தகட்டில் இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியவில்லை. ஆகவே வேலை பழையதுதான். கேள்வி போட்டி விதியைப் பற்றியது. ஃபியாப் (சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு), பிஎஸ்ஏ (அமெரிக்க ஒளிப்படச் சங்கம்) ஆகிய அமைப்புகளின் இயற்கைப் பிரிவில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. படைப்பாக்கத்துக்கு இடமுள்ள பிரிவுகளில் ஒட்டலாம். ஆனால் படத்தின் ஒவ்வொரு பகுதியும் நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால், உரிமம் பெற்ற ஸ்டாக் நீரும் அங்கே செல்லாது. செய்தி இதழ்களுக்கு இத்தகைய படத்தை அனுப்பவே வேண்டாம்.