காதலும் மனநலமும் சேர்ந்து வரும் மென்மையான காமிக்ஸ் எது?

கொஞ்ச நாளாக மனம் சோர்ந்திருக்கும் தங்கைக்குக் கொடுக்க, மனநலத்தையும் தொடும் காதல் காமிக்ஸ் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது அலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்'. 2016இல் இணையத்தில் வரத் தொடங்கிய ஆங்கிலச் சித்திரக்கதை. 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது.

இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் படிக்கும் சார்லி, நிக் என்ற இரண்டு பையன்களின் காதல் அது. வீட்டில் அம்மா எட்டிப் பார்த்தால் முதலில் அதுதான் கண்ணில் படும், தெரிந்தே கொடுங்கள்.

முதல் இரண்டு பாகமும் கூச்சமும் சிரிப்புமாக ஓடிவிடும். சார்லி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பதை நிக் கவனிப்பது மூன்றாம் பாகத்தில், பாரிஸ் சுற்றுலாவின்போது. அது உணவுக் கோளாறு (eating disorder) என்ற மனநோய் என்பதை 2021இல் வந்த நான்காம் பாகம் பேசுகிறது.

இலங்கையின் மட்டக்களப்பில் இருந்து படித்த எனக்கு இந்தப் பாகம்தான் உறைத்தது. பிள்ளை மெலிந்தால் இன்னொரு அகப்பை சோறு வைப்போம். முகம் வாடினால் கோயிலில் நூல் கட்டுவோம். அதற்கும் சரிவராவிட்டால், "ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சா எல்லாம் சரியாகும்" என்று யாராவது ஒரு மாமி சொல்லிவிடுவார். (வந்தவரை வசியம் செய்து பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று பெயரெடுத்த நாம் காதலை மருந்தாக நம்பாமல் இருந்தால்தான் அதிசயம்.) நிக்கும் முதலில் அப்படித்தான், எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அவ்வளவு அன்புக்கும் சார்லியின் நோய் அசையவில்லை. வீட்டில் சொல்லச் சொல்கிறான். பிறகு மருத்துவமனை, சிகிச்சை. திரும்பி வந்த பிறகும் சார்லிக்குக் கெட்ட நாட்கள் வருகின்றன. காதலன் கை பிடித்ததும் நோய் பறந்துவிடும் கதைகளைப் பார்த்துச் சலித்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

குறை என்றால், நிக் கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லவன். அந்த வயதில் அவ்வளவு பொறுமையான பையனை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, சார்லி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் கதையில் வருகிறது. தங்கைக்கு அப்படியான எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் புத்தகம் பிறகு இருக்கட்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிப் போங்கள். உடனே யாரோடாவது பேச வேண்டுமென்றால் இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926.