கேள்வி – பதில்: மாணவர் வருமுன் வேலை தயாராக இருக்கட்டும்

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். பல்கலைக்கழக மாணவர்கள் 20 பேருக்கு இன்டர்ன்ஷிப் நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பிரிவைக் கேட்டாலும், "இருக்கிற வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, எங்களிடம் அனுப்பாதீர்கள்" என்கிறார்கள். மாணவர்கள் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, அம்மா?

பதில்: முதலில் அந்த 20 என்ற எண்ணைக் குறைக்கப் பாருங்கள். ஓய்வு பெறும்வரை 11 ஆண்டுகள் நான் இந்தப் பொறுப்பைப் பார்த்தேன். முதல் ஆண்டு ஆசைப்பட்டு 24 பேரைச் சேர்த்தேன். பாதிப் பேருக்கு உட்கார நாற்காலி இல்லை. மூன்றாம் நாள் மாலை ஒரு மாணவி என் அறை வாசலில் நின்று, "மேடம், நாளைக்கும் நாங்கள் வரவேண்டுமா?" என்று கேட்டாள். குறை சொல்லும் குரலில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு ஒன்பது பேரை மட்டுமே எடுத்தேன்.

பிரிவுத் தலைவர்களிடம் "எத்தனை பேர் வேண்டும்?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மேல் தவறில்லை. நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "செய்யவேண்டும் என்று நினைத்து, நேரமில்லாமல் ஓராண்டுக்கும் மேலாக ஒதுக்கி வைத்திருக்கும் வேலை எது?" இதற்குப் பதில் இல்லாத பிரிவே இல்லை. ஒருவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, கயிறு கட்டிய பதிவேடுகளைக் காட்டினார். கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம், மாதாமாதம் கையால் எழுதியது, பல ஆண்டுகளுக்கு உரியது. அதைக் கணினியில் ஏற்ற ஆளில்லை.

அந்த வேலையை இரண்டு மாணவர்களிடம் கொடுத்தோம். நான்காவது வாரத்தில் அவர்களில் ஒருவர் ஒரு வரைபடத்தை எடுத்து வந்தார். ஒரு கிணற்றின் நீர்மட்டம் ஒரே மாதத்தில் 60 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பிறகு மழைக்காலத்தில் ஏறியது, கோடையில் இறங்கியது. ஆனால் எந்த ஆண்டிலும் பழைய அளவை எட்டவே இல்லை. சுற்றியிருந்த கிணறுகள் எதிலும் அப்படி ஒரு சரிவு இல்லை. "நேரில் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார். களப்பணியாளர் ஒருவருடன் அனுப்பினேன். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கீழ்ப்பாதி பழைய கல், மேலே புதிய சிமெண்டுப் பூச்சு. அந்த மாணவர் மண்டியிட்டு, சிமெண்டுப் பகுதியை மட்டும் அளவு நாடாவால் அளந்தார்: 61 சென்டிமீட்டர். நாடாவை எப்போதும் சுவரின் விளிம்பிலிருந்துதான் கிணற்றுக்குள் இறக்குவார்கள். சுவரை யாரோ உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அதைப் பதிவேட்டில் யாரும் எழுதவில்லை. நீர்மட்டம் இறங்கவே இல்லை! ஒன்பது ஆண்டு அளவுகளையும் திருத்தினோம். திருத்தம் செய்த பக்கத்தின் ஓரத்தில் அந்த மாணவரின் பெயரை எழுதி, தேதியிட்டு நானே கையொப்பமிட்டேன்.

இப்படி ஒரு வேலை கையில் இருந்தால்தான் மாணவரை அழையுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை, யாரிடம் கேட்கவேண்டும், கடைசி நாளில் எதை முடித்து ஒப்படைக்கவேண்டும் என்ற மூன்று விவரங்கள் போதும். அந்தத் தாளை எந்தப் பிரிவால் நிரப்பித் தர முடியவில்லையோ அந்தப் பிரிவுக்கு மாணவரை அனுப்பாதீர்கள், மேலதிகாரியே சொன்னாலும் சரி.

வழிகாட்டும் அலுவலரைப் பதவி பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டாம். விளக்கிச் சொல்வதில் விருப்பம் உள்ளவரைத் தேடுங்கள், எல்லா அலுவலகத்திலும் அப்படி இரண்டு பேராவது இருப்பார்கள். வாரத்தில் இரண்டு முறை, ஒரு மணி நேரம் அவர் மாணவருடன் உட்காரவேண்டும். அந்த நேரத்தை அவருடைய பணி ஒதுக்கீட்டு ஆணையிலேயே எழுத்தில் கொண்டுவந்துவிடுங்கள். நான் முதலில் இதைச் செய்யத் தவறினேன். நல்ல அலுவலர் ஒருவர், மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்ததால் கோப்புகள் தேங்கின என்று விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அடையாள அட்டை, கணினி நுழைவு அனுமதி இரண்டுக்கும் இன்றே எழுதுங்கள். அரசு அலுவலகத்தில் அதிக நாள் எடுப்பவை இவைதான். பொதுமக்களின் தனிப்பட்ட விவரங்கள் உள்ள கோப்புகளை மாணவரிடம் தரவேண்டாம். தராமல் முடியாது என்றால், இரகசியக் காப்பு உறுதிமொழியை முதல் நாளே வாங்கிவிடுங்கள். அதை நீட்டிக் கையொப்பம் கேட்பதோடு விடாமல், எதற்காக அந்த உறுதிமொழி என்று உட்கார்ந்து சொல்லுங்கள்.

கால அளவையும் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 1960 முதல் பயிற்சியாளர்களைச் சேர்த்து வருகிறது. அங்கே பயிற்சி ஐந்து மாதம், மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. உங்களுக்கு அவ்வளவு காலம் கிடைக்காமல் போகலாம். எட்டு வாரத்துக்குக் குறைந்தால் மாணவர் இடம் பழகும்போதே விடைபெற வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மாணவர்கள் பருவத்துக்குப் பருவம் மாறுகிறார்கள். ஒருவர் பாதியில் விட்ட வேலையை அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார் என்று அலுவலகத்தில் வருத்தப்படுகிறார்கள். என்ன செய்யலாம்? – ஒரு பேராசிரியர்

பதில்: 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், 27 பொறியியல் மாணவர்களை வைத்துப் படிப்பையும் வேலையையும் இணைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார், அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். இப்படி மாறி மாறி வரும்போது வேலையைக் கைமாற்றிக் கொடுக்கத் தெரிந்தே ஆகவேண்டும். உங்கள் மாணவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். கடைசி வாரத்தில் புதிய வேலை எதுவும் வேண்டாம். எதுவரை முடிந்தது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எதில் சந்தேகம் என்று ஒரு குறிப்பு எழுதட்டும். முடிந்தால் பழைய மாணவரும் புதிய மாணவரும் இரண்டு நாளாவது சேர்ந்து உட்காரட்டும்.

கேள்வி: பயிற்சி மாணவர்களுக்கு ஊக்கத்தொகை தேவையா? அனுபவமே பெரிது இல்லையா?

பதில்: தேவை. ஊதியம் இல்லை என்று அறிவித்தால் வீட்டிலிருந்து பணம் வாங்கிச் செலவழிக்க முடிகிறவர்கள்தான் விண்ணப்பிப்பார்கள். திறமை உள்ள மற்றவர்கள் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். அவர்கள் வராமல் போனது உங்கள் கணக்கில் எங்கும் தெரியாது. அமெரிக்க வெள்ளை மாளிகையே 2022-இல்தான் தன் பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் கொடுக்கத் தொடங்கியது. முழு ஊதியத்துக்கு வழியில்லை என்றால் பயணச் செலவையாவது கொடுங்கள், அதுவும் மாதாமாதம். பயிற்சி முடிந்து நான்கு மாதம் கழித்து வரும் பணம், பஸ் டிக்கெட்டுக்குக் கடன் வாங்கிய பிள்ளைக்கு உதவாது.

கேள்வி: ஓர் அரசு அலுவலகத்தில் ஆறு வாரம் பயிற்சி. நகல் எடுப்பதும் கோப்புகளை வரிசைப்படுத்துவதும்தான் வேலை. இரண்டு வாரம் போய்விட்டது. சான்றிதழுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா? – ஒரு மாணவர்

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. நாளைக் காலை உங்கள் அலுவலரிடம் போய், "இந்தக் கோப்புகள் எதைப் பற்றியவை, முடிவு எடுக்க எதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று ஒரு பட்டியல் தயாரித்துத் தரலாமா?" என்று கேளுங்கள். வரிசைப்படுத்தும்போது தேதிகள் உங்கள் கண்ணில் படத்தானே செய்கின்றன? பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், அந்தப் பட்டியல் அவர்களுக்கே தேவை. மறுத்துவிட்டால் உங்கள் பேராசிரியருக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

சான்றிதழ் தரும்போது "பயிற்சியில் கலந்துகொண்டார்" என்ற ஒரு வரியோடு வாங்கிவிடாதீர்கள். எத்தனை கோப்புகளைப் பார்த்தீர்கள், என்ன பட்டியல் தயாரித்தீர்கள் என்பதை அதில் எழுதித் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். எண்ணிக்கையை இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.